தம்பியும் மிஸியின் மணியும்

முதலில் அலமாரித் தட்டுகள் கிணுகிணுக்கும். பிறகு பலகைத் தரை உள்ளங்காலில் நடுங்கும். அதற்கும் பிறகுதான் ரயில் ஊதும் சத்தம்...

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. தரையில் உட்கார்ந்து விளையாடும் என் தம்பி செல்வம், ரயில் ஊதுமுன்பே சன்னல் பக்கம் திரும்பிவிடுவான்.

"பாத்தியா, நமக்கு முன்னாடி இவனுக்குக் கேட்டுருது. டிரைவர் ஆயிருவான் லா!" என்பார் அப்பா. என்ஜினுக்குக் கரி போடுகிறவர் அவர்.

"ஏன், உங்கள மாதிரி மூஞ்சியெல்லாம் கரியோட வரவா?" என்பாள் அம்மா.

நான் அப்போது நான்காம் வகுப்பு. செல்வத்துக்கு ஒன்றரை வயது. குழந்தைகளை எடை பார்க்கும் கிளினிக்குக்கு நானும் அம்மாவும் அவனைத் தூக்கிப் போனோம். அங்கே சிமெண்டுத் தரை. நர்ஸை நாங்கள் மிஸி என்போம். அந்த மிஸி யாழ்ப்பாணத்துக்காரர்.

"எப்ப தவண்டவன்?"

"எட்டு மாசத்துல, மிஸி."

"எப்ப நடந்தவன்?"

"ஒரு வயசுக்கு முன்னாடியே."

"என்னென்ன கதைக்கிறான்?"

அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். அவன் அதுவரை 'அம்மா' என்றுகூடச் சொன்னதில்லை. "ஆம்பளப் புள்ளைங்க லேட்டாத்தான் பேசும், மிஸி..."

மிஸி அவனுக்குப் பின்னால் போய் ஒரு சின்ன மணியை அடித்தார். வரிசையில் இருந்த குழந்தைகள் எல்லாம் திரும்பின. செல்வம் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். மிஸி அவனுடைய எடை அட்டையில் ஏதோ எழுத, நான் எட்டிப் பார்த்தேன். அட்டையில் ஆங்கிலத்தில் காது என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரயிலு வர்றதே எங்களுக்கு முன்னாடி அவனுக்குத்தான் கேக்குது, மிஸி!"

மிஸி வாதாடவில்லை. "அடுத்த மாதம் திரும்பக் கொண்டு வாங்கோ" என்றார்.

அந்தக் கேள்விக்குறி என்னை விடவில்லை.

மறுநாள் மாலை தட்டுகள் கிணுகிணுத்ததும் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டேன். நான் சன்னலைப் பார்த்து நின்றேன், அவன் முகம் உள்சுவர்ப் பக்கம். ரயில் ஊதியது. கடந்தும் போயிற்று. அவன் என் ரிப்பனைச் சப்பிக்கொண்டிருந்தான். அடுத்த ரயிலுக்குத் தரையில் விட்டேன். உடனே திரும்பினான். மறுபடி தூக்கினேன். திரும்பவில்லை.

"அம்மா, அவனுக்குக் காதுல கேக்கல. தரை நடுங்குறதுலதான் தெரியுது."

"வந்துட்டா பெரிய டாக்டரு! போய் பாடத்தப் படிடீ."

ஆனால் அடுத்த ரயிலுக்கு அம்மாவே அவனைத் தூக்கிக்கொண்டாள். ரயில் போன பிறகும் அவனைக் கீழே விடாமல் வெகுநேரம் நின்றாள். பிறகு சொன்னாள்: "அடுத்த மாசம் வரைக்கும் எதுக்கு? நாளைக்கே மிஸிகிட்ட போவோம்."

இப்போது நான் ஏழாம் வகுப்பு. செல்வத்துக்கு நாலரை வயது. முன்பெல்லாம் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே எங்கள் எல்லோரோடும் பேசுவாள், திட்டுவாள், கதை கேட்பாள். வீடு முழுக்க அவள் குரல்தான். சில நாள் அந்தக் குரலுக்காக எனக்கு ஏக்கமாக இருக்கும்.

இன்று அம்மா அகப்பையோடு வெளியே வந்து, தம்பி முன்னால் குந்தி உட்கார்ந்து, "சோறு" என்கிறாள். அவள் வாயையே பார்த்துவிட்டு அவன் "ஓ..." என்கிறான்.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவதில்லை.