கத்தரியின் பிடிப்பக்கம்

என் தையல் பெட்டியில் இன்னும் அந்தச் சின்னக் கத்தரி கிடக்கிறது. பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டுகிற கத்தரி. அதை யார் கேட்டாலும் முனையை என் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, பிடிப்பக்கத்தைத்தான் நீட்டுவேன். பனியன் கம்பெனியில் துணியைச் சரிபார்க்கிற செக்கிங் மேசையில் படிந்த பழக்கம்; போகவே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் விலங்கியல் படித்தேன். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற கல்லூரிதான், பெயருக்கு. வகுப்பின் நடுவே, பையன்களுக்கும் பெண்கள் எங்களுக்கும் இடையில், ஒரு நடைவழி இருந்தது. அதைத் தாண்டி ஒரு சொல் போகாது. தப்பித்தவறிப் போனால், அந்தச் செய்தி நமக்கு முன்னால் டவுன் பஸ் ஏறி வீடு போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் விடுமுறை விட்டால் எங்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனியில் இருப்போம். காதர்பேட்டைக்குப் பின்னால் நான் போன கம்பெனியில், என் எதிரே உட்கார்ந்தவர் என் வகுப்பிலேயே படித்த சேவூர்க்காரர். அங்கே பேசலாம். அது வேலை, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

குவிந்து கிடக்கும் வெள்ளைத் துணிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். மதிய வெயிலில் பஞ்சுத் தூசு மிதந்துகொண்டே இருக்கும். தவளையின் இதயத்தைப் பற்றிப் பேசுவோம், சேவூரில் கடலைக்காய் பிடுங்குவதைப் பற்றிப் பேசுவோம். கடல் பக்கமே போனதில்லை என்று ஒருநாள் சொன்னார். நானும்தான் என்றேன். கண் துணியில் இருக்கும், கை மட்டும் நீளும். "ஏனுங்க, கத்தரிங்க." நிமிராமலே வைப்பேன். காதல் என்று சொன்னால் அது பொய். தோழர் என்று சொல்லலாம். அதைச் சொல்லத்தான் அன்றைக்கு வழியில்லை. கல்லூரி திறந்தால் அவர் யாரோ, நான் யாரோ.

மூன்றாம் ஆண்டில் ஒரு நாள், ஆய்வகத்தில் கரப்பான்பூச்சியை அறுத்துக்கொண்டிருந்தோம். எதிர் மேசையில் மெழுகுத் தட்டின் மேல் குனிந்திருந்த சேவூர்க்காரரின் கை நீண்டது. "ஏனுங்க, கத்தரிங்க." நானும் நிமிராமலே அவர் கையில் வைத்துவிட்டேன். ஆய்வகம் கப்சிப்பென்று ஆனது. அப்புறம்தான் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். யாரோ ஒருத்தி சிரித்தாள். அவர் முகம் வெளுத்துப் போனது.

நான் வீடு போனபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "படிச்ச வரைக்கும் போதும் கண்ணு." கோபமே இல்லாமல் சொன்னார். மறுநாள் நான் கல்லூரிக்குப் போகவில்லை.

செக்கிங் மேசையில் எங்களையெல்லாம் கட்டி மேய்த்த தூத்துக்குடி அக்கா, விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா கம்பெனியிலிருந்து வாங்கி வந்த பனியன்களைத் தரையில் பரப்பிப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பனியனை எடுத்துக்கொண்டார். ஊர்க்கதை பேசினார். பேச்சோடு பேச்சாக, தலையை நிமிர்த்தாமல் அப்பாவின் பக்கம் கையை நீட்டி, "கத்தரி" என்றார். அப்பாவும் பனியன் கம்பெனியிலேயே தலை நரைத்தவர். ஜன்னலில் இருந்த கத்தரியை எடுத்து, பிடிப்பக்கமாகத் திருப்பி, அக்காவின் கையில் வைத்துவிட்டார்.

"பாத்தியளாண்ணே? அம்புட்டுதான் அங்கயும் நடந்துச்சு."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அப்பா தெருவைப் பார்த்தபடியே, "செரி, நாளைக்குப் போகட்டும்" என்றார்.

நான் படித்து முடித்தேன். சேவூர்க்காரர் அதற்கப்புறம் எங்கள் மேசைக்கு வரவில்லை. என் பேர் கெட்டுவிடக் கூடாதென்று வேறு கம்பெனிக்குப் போய்விட்டதாக அக்கா சொன்னார். கடைசித் தேர்வன்றும் நடைவழிக்கு அந்தப் பக்கமாகவே நடந்து வெளியேறினார். போய் வருகிறேன் என்றுகூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

போன வாரம் என் மகளின் கல்லூரிக் கூட்டம் வீட்டுக்கு வந்திருந்தது. ஏதோ விழாவுக்காக ஹால் முழுக்கப் படுத்துக்கொண்டு வண்ணக் காகிதம் வெட்டினார்கள். ஒருவன் அவளை லூசு என்றான். அவள் அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும். "ஆன்ட்டி, இன்னொரு கத்தரி இருக்குங்களா?" என்று கேட்டபடி ஒரு பையன், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டினான்.

தையல் பெட்டியைத் திறந்து, பிடிப்பக்கத்தை அவன் கையில் வைத்தேன். யாரும் பேச்சை நிறுத்தவில்லை. நான் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.