பல்லில் ஒட்டிய பரிசு

எங்கள் பக்கம் வாயசைப்புப் போட்டி பரவியது அம்மை மாதிரிதான். ஒரு ஊரில் கண்டால் அடுத்த வாரம் பக்கத்து ஊரிலும் கண்டுவிடும். நாடகம் போடுவதென்றால் ராஜா வேண்டும், ராணி வேண்டும், இரண்டு பேருக்கும் தொண்டை வேண்டும். இதற்கு ஒரு கிராமபோன் பெட்டி, நாலு இசைத்தட்டு, வாய் உள்ள பையன்கள் போதும். தட்டு பாடும், நாம் வாயை அசைத்துக் கையை ஆட்ட வேண்டியதுதான்.

கோவில்பட்டியில் எங்கள் தெரு வாசகசாலையும் ஆண்டு விழாவுக்குப் போட்டி வைத்தது. முதல் பரிசு ஒரு மைப்பேனா. அது எனக்குத்தான் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். தோற்றால் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியாது.

எனக்குச் சரியான போட்டி தபால்காரர் மகன் ஒருவன்தான். அவனுக்குத் துணையாக அவன் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் துணை என் தாய்மாமா. கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவர். நான் எடுத்தது காதலியைப் பறிகொடுத்தவன் புலம்புகிற பாட்டு. பத்து வயதில் நான் பறிகொடுத்திருந்தது ஒரே ஒரு ஆட்டுக்குட்டிதான். அதை நினைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

என் பேரைக் கூப்பிட்டதும் கால் இரண்டும் காற்றில் காய்ந்த பருத்திமார்க் குச்சி ஆடுவதுபோல ஆடின. அப்போதுதான் மேடைக்குப் பின்னால் மாமா வந்து இலைப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே சூடு ஆறாத பாகு உருண்டை.

“ஏலே மருமகனே, இத நல்லாக் கடிச்சுக்க. தொண்ட காயாது.”

“பாடப்போறது ரிக்கார்டுல்லா மாமா?”

“வாய அசைக்கதுக்கும் தொண்ட வேணும்லே. கடி!”

கடித்தேன். ஐப்பசி மழையில் கரிசல்காட்டில் இறங்கிய வண்டிச் சக்கரம் போல மேல் பல்லும் கீழ்ப் பல்லும் மாட்டிக்கொண்டன.

தட்டு “ஆ…” என்று அலறியது. என் வாய் திறக்கவில்லை. உதட்டை மட்டும் இழுத்து இழுத்துப் பார்த்தேன். கண் பிதுங்கியது. இனி ஆயுசுக்கும் மூக்கு வழியாகத்தான் கஞ்சி குடிக்க வேண்டும், அந்த மூக்கிலும் எப்போதும் சளி என்று எண்ணியதும் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

“அண்ணாச்சி, பயலுக்குப் பல்வலி போல! டாக்டரக் கூப்பிடுங்க!” என்று எவனோ கத்த, கூட்டம் புரண்டு சிரித்தது.

நடுவராக இருந்த தலைமையாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. “மத்தவனெல்லாம் நடிச்சான். இவன் ஒருத்தன்தான் நெசமா அழுதான்” என்று பேனாவை என் கையில் கொடுத்துவிட்டார். தபால்காரர் மகன் அக்கா மடியில் விழுந்து தேம்பினான். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த மாமாவின் முகம் எழவு வீட்டுக்கு வந்தவர் முகம்போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெந்நீர் ஊற்றி என் வாயைத் திறந்து வைத்தாள். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அந்தப் பய ஏங்கி ஏங்கி அழுதாம்லே. பேனாவ அவனுக்குக் குடுத்துருவோம்.”

“வகுப்புல கேட்டா என்ன சொல்ல?”

“வள்ளல்னு சொல்லு!”

வள்ளல் என்ற பட்டம் பேனாவைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் மாமா சலவைச் சட்டை போட்டு, முகத்துக்குப் பவுடர் பூசி, கடம்பூர்ப் போளி ஒரு பொட்டலமும் வாங்கிக்கொண்டு பேனாவோடு கிளம்பினார்.

“எந்தம்பி பேனா குடுக்கத்தான் போறானாம்” என்று அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த தெருவுக்குப் போனவர் திரும்பி வர மூன்று மணி நேரம் ஆயிற்று. பாவம், வீடு தெரியாமல் அலைந்திருப்பார் என்று இரக்கப்பட்டேன்.

அடுத்த தை மாதம் தபால்காரர் மகளை மாமா கட்டிக்கொண்டார். பந்தலில் வாழ்த்துப்பா வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் காலில் பருத்திமார் ஆட்டம். நேரே மணமேடைக்குப் போய், மாலையும் கழுத்துமாக இருந்த மாமாவின் காதில் கெஞ்சினேன்:

“மாமா, அன்னைக்கு மாதிரி ஒரு பாகு உருண்ட குடுங்க மாமா. அதாலதான எனக்குப் பரிசு கிடைச்சுது!”