அவர் கையெழுத்திட்டு வைத்துப் போன தாள்கள்

என் கணவர் ஜெர்மனியில், பான் நகரத்தில் தேயிலை வியாபாரம் செய்தார். படிக்க வந்தவர், படிப்பு முடிந்தும் ஊர் திரும்பாமல், இலங்கையிலிருந்து தேயிலைப் பெட்டிகளை வரவழைத்துச் சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். அறுபதுகளின் கடைசியில், தேயிலை அனுப்புகிறவரோடு ஏதோ கணக்குத் தகராறு என்று கொழும்புக்குப் புறப்பட்டார். ஆறு கிழமையில் வந்துவிடுவேன் என்றார். அவசரத்துக்கு உதவும் என்று இருபது வெற்றுத் தாள்களின் அடியில் கையெழுத்துப் போட்டு இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் திரும்பி வர இரண்டு வருடமாயிற்று.

தகராறு முடிய, தகப்பனாருக்குப் பாரிசவாதம். அதற்குப் பிறகு காணி வழக்கு. ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு புதுக் காரணமும் எனக்கு நாலைந்து கட்டளைகளும் இருக்கும். விலையைக் குறைக்க வேண்டாம். களஞ்சியக்காரர் வாடகை கேட்டால் அடுத்த மாதம் என்று சொல்லவும். கடிதம் வந்து சேர்வதற்குள் அந்த அடுத்த மாதமும் போயிருக்கும்.

காலையில் ஆறு வயது மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே களஞ்சியத்துக்குப் போவேன். தேயிலையைக் கால் கிலோ பொதிகளாக நிறுத்துக் கட்டி, இரண்டு பைகளில் சுமந்துகொண்டு ட்ராமில் கடை கடையாக ஏறி இறங்குவேன். வீட்டுக்கு வந்தால் தபால் பெட்டியில் 'மானுங்' என்று தலைப்பிட்ட கடிதங்கள், கொடுக்க வேண்டியதைக் கொடு என்று. சுங்க முகவர், களஞ்சியக்காரர், பொதியுறை அச்சடித்தவர். அகராதியை விரித்துவைத்துப் பதில் தட்டெழுதுவேன், அவர் கையெழுத்துக்கு மேலே. அழுகைகூட வரவில்லை. எங்காவது சும்மா உட்கார்ந்திருக்கக் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

பதினோராவது மாதம் கடைசித் தாளும் முடிந்தது. வாடகைக்கு மூன்று மாதத் தவணை கேட்டு அதில் எழுதியிருந்தேன். களஞ்சியக்காரர் நேரிலேயே களஞ்சியத்துக்கு வந்துவிட்டார். உயரமான கிழவர். தொப்பியைக் கழற்றவில்லை. இரண்டு கடிதங்களை எடுத்து ஒரு பெட்டியின் மேல் பக்கம் பக்கமாக வைத்தார்.

"இது போன வருடம் உங்கள் கணவர் எழுதியது. அதிகாரம் பண்ணுகிறார். இது இப்போது வந்தது. மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்கிறார். யார் எழுதியது?"

"நான்தான்."

"கணவர் எங்கே?"

"ஊரில். எப்போது வருவாரென்று எனக்கே தெரியாது."

வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பெட்டிகளை எண்ணினார். சுவரோரம் இருந்த ஒன்றை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஈரம் ஏறுகிறது. எல்லாம் கெடுவதற்குள் விற்றுவிடுங்கள். இனிமேல் கடிதத்தில் உங்கள் பெயரையே போடுங்கள். இல்லாத மனிதரிடம் என்னால் வாடகை வாங்க முடியாது."

அது இரக்கமில்லை. அவருக்கு வாடகை வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த ஒரு வருடத்தில் என்னிடம் விஷயத்தை நேராகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

பூஞ்சணம் பிடித்த ஆறு பெட்டிகளை எறிந்தேன். மிச்சத்தை ஒரு தொழிற்சாலை உணவகத்துக்கு, கணவர் சொன்ன விலையில் முக்கால் பங்குக்குக் கொடுத்தேன். அந்தச் சமையலறைக்குப் பொறுப்பான பெண் ஒரு கோப்பை போட்டுக் குடித்துப் பார்த்துவிட்டு, மாதா மாதம் தர முடியுமா என்று கேட்டாள். முடியும் என்று எழுதி, முதல்தடவையாக என் பெயரைப் போட்டேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. முத்திரை ஒட்டிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போனேன். முதலில் வாடகை பாக்கியைக் கட்டினேன். மற்றவர்களுக்குத் தவணை முறையில்.

அவர் வந்தபோது மெலிந்து, காதோரம் நரைத்திருந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் களஞ்சியத்துக்குப் போய்க் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார்.

"ஆரைக் கேட்டு இந்த விலைக்கு வித்தனீர்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை. கேக்க இஞ்ச ஆர் இருந்தது?"

கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பிறகு, "கடன் முழுக்க முடிஞ்சுதோ?" என்றார்.

"சுங்கக்காரருக்கு இன்னும் ரெண்டு தவணை இருக்கு."

"சரி. இனி நான் பாக்கிறன்."

"பாருங்கோ. ஆனா கடைக்காரர் இப்ப என்ரை பேருக்குத்தான் எழுதீனம்."

அவர் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்தார். சில மாதங்களில் ஒரு கட்டிட அலுவலகத்தில் வரைபட வேலைக்குப் போய்விட்டார். வியாபாரம் என்னிடமே நின்றது. சனிக்கிழமைகளில் பெட்டி தூக்கித் தருவார். அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் ஊரிலிருந்து வந்த அன்று மத்தியானம் நான் வீட்டில் படுத்துவிட்டேன். பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிவர அவர் போனார். ஆசிரியைக்கு அவரை அடையாளம் தெரியவில்லை, பிள்ளையை விட மறுத்திருக்கிறாள். மகள் அவரைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஓம், இது அப்பாதான்" என்று தமிழில் சொன்னாளாம். பிறகு நினைவு வந்து அதை ஜெர்மனில் சொன்னாளாம். அவர்கள் வந்ததும் எனக்குத் தெரியாது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.