படிவத்தில் இல்லாத வரி

கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் கொக்கு மாதிரி நீட்டி, பாய்மரப் படகின் கேப்டன் விரித்துப் பிடித்திருக்கும் காகிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறார் முத்திரை அக்கா. தாளைத் தொடமாட்டார். தாடையால்தான் காட்டுவார். “அத அடியில வை. போன துறைமுகத்துல குடுத்த பேப்பர் மேல வரணும். ஆள் லிஸ்ட் நாலு காப்பி. மூணு இல்ல, நாலு.” கேப்டனுக்குத் தமிழ் தெரியாது. அக்காவின் இங்கிலீஷோ அவசரத்துக்குப் போட்ட தையல், எங்கே பிரியும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தாடை நான்கு முறை ஆடியதும் மனிதர் பையைத் துழாவி நான்காவது தாளை எடுத்துவிட்டார்.

இதெல்லாம் நடப்பது துறைமுக அலுவலகத்துக்கு எதிரே, வெளிக் கதவை ஒட்டிய சிமெண்ட் பெஞ்சில். உள்ளே போக அக்காவுக்கு அனுமதி இல்லை. பதினோரு மாதமாக இல்லை. “லைசென்ஸ் இல்லாம பேப்பரத் தொடக் கூடாதுன்னாங்க. தொடல. வாயத் தொறக்கக் கூடாதுன்னு ரூல் இருந்தா காட்டச் சொல்லுங்க” என்பார்.

அதற்கு முன்பு இருபத்திரண்டு வருடம் அவர் செய்த தொழில் படகு ஏஜென்ட் வேலை. சரக்குக் கப்பல்களுக்குப் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. சொந்தமாகச் சின்னப் பாய்மரப் படகு வைத்துக்கொண்டு, காற்று போகிற பக்கமெல்லாம் நாடு நாடாகப் போகிறவர்களுக்கு முத்திரை அக்காதான். அப்படிப்பட்ட படகு வந்தால் மஞ்சள் கொடி ஏற்றிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும். முதலில் சுகாதார டாக்டர், பிறகு குடியேற்றம், பிறகு சுங்கம், கடைசியில் துறைமுக அதிகாரி. நான்கு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தக் கொடி இறங்கும், ஆட்களும் இறங்கலாம். “நாலு மாமியார் இருக்கற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட மாதிரி. ஒருத்திக்கு முன்னாடி இன்னொருத்தியக் கும்பிட்டுட்டா, போச்சு.”

படகின் பெயர் பொறித்த ரப்பர் முத்திரை ஒன்று செய்து வைத்துக்கொள்ளும்படி வருகிற கேப்டன்கள் எல்லோரிடமும் சொல்வார். வட்ட முத்திரையைப் பார்த்தால் எந்த நாட்டு அதிகாரிக்கும் முகம் மலரும் என்பது அவர் கண்ட உண்மை. முத்திரை அக்கா என்ற பெயரும் அப்படி வந்ததுதான். நீச்சல் தெரியாது. தள்ளி நிற்கும் பாய்மரப் படகுக்குப் போக ரப்பர்ப் படகில் ஏறிய இரண்டாவது நிமிஷம் குமட்டும். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போய், நனையாமல் இருக்க மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் சுற்றிய காகிதங்களோடு மேலே ஏறிவிடுவார். “கடல் எனக்கு ஆகாது. கடல்ல வந்தவங்க ஆவாங்க.”

லைசென்ஸ் போன கதை ஒரு வெள்ளைப் படகில் வந்தது.

முப்பத்தைந்தடிப் படகு. அதில் எழுபத்தொரு வயது அம்மாள் ஒருத்தி மட்டும். புறப்பட்ட துறைமுகத்துக் காகிதத்திலோ இரண்டு பேர், அவளும் கணவரும். பத்தொன்பது நாள் பயணத்தில் பதினோராம் நாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. கரை எட்டு நாள் தூரத்தில். இரண்டு நாள் உடலை வைத்துப் பார்த்தாள்; அந்த வெயிலில் அதற்குமேல் முடியவில்லை. பழைய பாய்த்துணியில் சுற்றி, தானே தைத்து, கடலிடம் கொடுத்தாள். பயணக் குறிப்பேட்டில் மணி, நிமிஷம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் வரிசையாக எழுதியிருந்தாள். மீதி ஆறு நாள் தனியாகவே படகைச் செலுத்திக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

அக்கா அவளோடு குடியேற்ற அதிகாரியின் அறைக்குப் போனார். அதிகாரி கெட்டவர் இல்லை. மேஜை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான்.

“பேப்பர்ல ரெண்டு பேரு. படகுல ஒருத்தர். இன்னொருத்தர் எங்க?”

“எறந்துட்டாரு சார்.”

“எங்க?”

“கடல்ல.”

“எந்த நாட்டுக் கடல்ல?”

“எந்த நாட்டுதும் இல்ல சார், நடுக்கடல்.”

“யாருக்கும் சொந்தமில்லாத எடத்துல செத்தா சர்டிஃபிகேட் யாரும்மா குடுப்பா?” என்றவர், கம்ப்யூட்டர் திரையை அக்கா பக்கம் திருப்பினார். வந்து சேராத ஆளுக்கு அதிலும் அச்சடித்த படிவத்திலும் மூன்றே வரிகள். வேறு துறைமுகத்தில் இறங்கியவர். வேறு படகுக்கு மாறியவர். தப்பியோடியவர்.

“கடைசியப் போட்டுடலாம். அஞ்சு நிமிஷ வேலை. இவங்களும் போய்ப் படுப்பாங்க. செத்தவருக்கு என்ன தெரியப் போவுது?”

கண்ணுக்குக் கீழே இரண்டு கரிய குழிகளோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மாள், அதிகாரி நீட்டிய படிவத்தில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் பேனாவைத் திறந்தாள். அக்கா தன் உள்ளங்கையை விரித்துத் தாளின்மேல் வைத்தார். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மூன்றே வார்த்தை சொன்னார்: கணவன், ஓடினான், எழுதியிருக்கு. அந்த அம்மாள் அக்காவின் கையைப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடினாள்.

“ஓடிட்டாருன்னு போட்டா அவரத் தேடுவீங்க. தேடறவர எப்படி எறந்தவர்னு சொல்வாங்க? படகு அவர் பேர்ல இருக்கு சார், அது இவங்க கைக்கு வராது. அத விடுங்க. நாப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் சார். இவங்க கைய வச்சே ஓடிப் போனான்னு எழுத வைக்கலாமா?”

“மெஷின்ல எடம் இல்லம்மா. நான் என்ன பண்ண?”

அக்கா சுகாதார டாக்டரிடம் போனார். கப்பல்களுக்கான சுகாதாரப் படிவத்திலேயே ஒரு கேள்வி உண்டு: பயணத்தில் யாராவது இறந்தார்களா? இருபத்திரண்டு வருடமாக அந்தக் கேள்விக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. முதல் முறையாக ‘ஆம்’ என்று எழுதினார். டாக்டர் படகுக்கு வந்தார். குறிப்பேட்டைப் படித்தார். பாதி தீர்ந்த இதய மாத்திரை அட்டைகளைப் பார்த்தார். இரண்டு படுக்கைகளில் ஒன்று விரிப்பு மடித்து வைக்கப்பட்டிருந்ததையும் பார்த்தார். பயணத்தில் மரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை அந்தத் தாளோடு குடியேற்ற அறை. அதிகாரி படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். “இது அவங்க டிபார்ட்மென்ட். என் ஃபாரத்துல அந்த வரி இல்ல.”

அக்கா அவர் மேஜையிலிருந்த அடிக்கோலை எடுத்தார். அச்சடித்த படிவத்தின் மூன்று வரிகளுக்குக் கீழே நேராக ஒரு கோடு போட்டார். அதன்மேல் ‘கடலில் இறந்தார்’ என்று எழுதி, பக்கத்தில் சிறிய கட்டம் வரைந்து, அதில் டிக் அடித்தார். கீழே தன் லைசென்ஸ் எண், கையெழுத்து.

அதிகாரி எழுந்துவிட்டார். “கவர்மென்ட் ஃபாரத்துல கோடு போட நீங்க யாரு?”

“நீங்க போட்டிருந்தா நான் ஏன் சார் போடறேன்? ஃபாரத்துல எடம் இல்லன்னு மனுஷன் சாகாம இருப்பானா?”

“லைசென்ஸ் போயிடும்.”

அக்கா கழுத்து நாடாவைத் தலைவழியாகக் கழற்றி, அடையாள அட்டையை மேஜைமேல் வைத்தார். “எடுத்துக்குங்க. ஆனா இதுல முத்திரை விழாம நான் எந்திரிக்க மாட்டேன்.”

எழுந்திருக்கவும் இல்லை. உணவு இடைவேளையில் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்கள். இருட்டு அறையில் இரண்டு பெண்களும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளுக்குள் அக்காவுக்குப் பயம் இல்லாமலில்லை. வீட்டுக்காரர் படகு மோட்டார் மெக்கானிக், மழை மாதங்களில் வேலை கிடையாது. மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. எழுந்து போய்விடலாமா என்று இரண்டு முறை தோன்றியதாம். “ரெண்டு தடவையும் அந்தம்மா கை என் கைமேல இருந்துச்சு. கைய எப்படி எடுக்கறது?”

நான்கு மணிக்கு மேலதிகாரி போனில் இரண்டே வாக்கியம் சொன்னார். டாக்டரின் தாள் அரசுத் தாள், ஏற்கத்தான் வேண்டும். அரசுப் படிவத்தைத் திருத்திய ஏஜென்டின் லைசென்ஸை நிறுத்தி வைக்கவும். முதல் வாக்கியத்துக்கு முத்திரை விழுந்தது. இரண்டாவதற்கு, மேஜைமேல் இருந்த அட்டை இழுப்பறைக்குள் போனது.

ஆறாம் நாள் அந்த அம்மாளின் மகன் விமானத்தில் வந்து சேர்ந்தான். புதிய ஆள் பட்டியலில் இரண்டு பெயர்கள். கேப்டன் என்ற இடத்தில் அவள் பெயர். கிளம்புமுன் படகு மெதுவாகக் கரையை ஒட்டி வந்தது. அவள் கையைத் தூக்கிக் காட்டினாள், அக்காவும் காட்டினார். “என்னத்தச் சொல்றது? ரெண்டு பேருக்கும் பேப்பர் முடிஞ்சுடுச்சு.”

அன்றிலிருந்து பெஞ்சு. அக்கா இடத்துக்கு வந்திருக்கும் புது ஏஜென்டே பாதி நாள் அங்கே வந்து நின்று சந்தேகம் கேட்கிறார். வருமானம் என்று எதுவும் இல்லை. மகள் மாலையில் ஒரு கடையில் வேலைக்குப் போகிறாள். “வீட்ல சும்மா இருக்கக் கூடாதா?” என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, “நான் சும்மாத்தான் இருக்கேன். வாய்தான் இருக்க மாட்டேங்குது” என்றார். மறுநாள் வீட்டுக்காரர் பெஞ்சுக்கு மேலே ஒரு தகரக் கூரை அடித்துக் கொடுத்தார்.

போன வாரம் உள்ளே கூப்பிட்டார்கள். அதே அறை, அதே அதிகாரி. இழுப்பறையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்; பக்கத்தில் தட்டச்சு செய்த ஒரு தாள்.

“மேல இருந்து சொல்லிட்டாங்கம்மா. ஒரு மன்னிப்புக் கடிதம், அவ்வளவுதான். நானே டைப் பண்ணி வச்சுட்டேன். கையெழுத்துப் போட்டா இப்பவே லைசென்ஸ எடுத்துட்டுப் போகலாம்.” குரலில் நிஜமான அக்கறை இருந்தது.

அக்கா தாளை வாங்கி, கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டு, ஒரு எழுத்து விடாமல் படித்தார். ‘அரசுப் படிவத்தில் தவறான தகவலை எழுதியதற்காக வருந்துகிறேன்’ என்று இருந்தது. பேனா கேட்டார். அதிகாரி தன் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். அக்கா ‘தவறான’ என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்து, அதற்கு மேலே தெளிவான கையெழுத்தில் ‘உண்மையான’ என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.