பாதிரியாரின் குடை

இங்கிலீஷில் அச்சானது எல்லாமே ஒழுக்கமான புத்தகம் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தவன் நான். சிரிக்காதீர்கள். நேற்று ஒரு நண்பர், "சிரிச்சுக்கிட்டே படிக்க ஒரு இங்கிலீஷ் நாவல் சொல்லுய்யா" என்றார். ஒரு பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அப்படியே விழுங்கிவிட்டேன்.

பல வருஷங்களுக்கு முன்பு சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெஸியைப் பெண் பார்த்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்த நேரம். அவள் அப்பா, வெம்பக்கோட்டையில் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார், "சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் படிக்கக் குடுங்க தம்பி" என்று கேட்டிருந்தார். விருதுநகர் ஸ்டேஷன் பக்கம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய நாவல் ஒன்றை ரயிலில் பத்துப் பக்கம் படித்துச் சிரித்திருந்தேன். போதாதா? எங்கள் ஊர் வழக்கப்படி அச்சகத்துக் கழிவுத் தாளில் அட்டை போட்டேன். கலர் விலகி, இரண்டு மூக்கோடு வந்துவிட்ட நல்ல மேய்ப்பர் இயேசு படம். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுவாரம் புத்தகத்தின் பெயரைச் சொன்னதும் மிஷின் ஓட்டும் முருகன் தலையில் கை வைத்தான். "ஏலே, அதையா மாமனாருக்குக் குடுத்த? பத்துப் பக்கத்துக்கு மேல ஒருத்தன் இடுப்புலயும் துணி நிக்காதேலே!"

வெம்பக்கோட்டை போகும் பட்டாசு கம்பெனி வேனில் தொற்றிக்கொண்டேன். அது நிற்காத இடமில்லை. நின்ற இடத்திலெல்லாம் ஒரு முடிவெடுத்தேன். புத்தகம் என்னுடையதே இல்லை என்பேன். எனக்கு இங்கிலீஷே தெரியாது என்பேன். பிறகெப்படி புரூஃப் வேலை என்று கேட்டால் மயங்கி விழுந்துவிடுவேன்.

"வாங்க தம்பி" என்றார் ஜெஸியின் அம்மா. "அவுக கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்காக. ஜெஸிதான் உங்க புத்தகத்தை வாசிச்சுக் காட்டுதா."

செருப்பைக் கழற்றக்கூட மறந்து நுழைந்தேன்.

உள்ளே இரட்டை மூக்கு மேய்ப்பருக்குப் பின்னாலிருந்து அவள் குரல். பாதிரியார் குடையைத் தொலைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிகிறாராம். கண்ணில் கட்டோடு சார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஒரு குடை போனதுக்கா அந்த ஆளு இம்புட்டு பயப்படுதான்?"

"வெள்ளைக்காரங்களுக்குக் குடைன்னா உசுருப்பா" என்ற ஜெஸி, புத்தகத்தை மெல்ல இறக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நடந்தது இவ்வளவுதான்: துணி அவிழ்ந்த இடங்களிலெல்லாம் அவளாகவே இங்கிலீஷில் ஒரு கதையைக் கட்டி வாசித்திருக்கிறாள். "பையன் நல்ல புத்தகமாத்தான் படிக்கான்" என்று சார் சம்மதம் சொன்னார். சார் இப்போது இல்லை. மேய்ப்பர் அட்டையும் கிழிந்து போயிற்று. அச்சான நாவல் கடையில் கிடைக்கும், தாராளமாக வாங்குங்கள். அந்தக் குடை நாவல் மட்டும் கிடைக்காது. என்ன வாசித்தோம் என்பது ஜெஸிக்கே மறந்துவிட்டது.