விழுப்புரத்தில் சாவி சரிபார்த்த நாள்

சந்தேகப்படுவதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது.

கணினியோ கைப்பேசியோ, எதைத் திறந்தாலும் அடியில் கெர்னல் என்று ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வகை பிராசஸருக்கும் அதற்குள் தனிப் பகுதி உண்டு. ஒவ்வொரு சாதனத்தையும் இயக்க டிரைவர் என்று ஒரு சின்ன நிரல் உண்டு. நான் சொல்லும் கெர்னலுக்கு உலகத்தில் எவர் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி மெயிலில் அனுப்பலாம். அதற்குப் பெயர் பேட்ச். வருகிற பேட்சை உலுக்கிப் பார்த்து, உள்ளே விடுவதா திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்ய ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர் இருப்பார். ஒரு பழைய பிராசஸர் வகைக்கும் அதன் நெட்வொர்க் டிரைவருக்கும், திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு, நான்தான் அந்த ஆள்.

எனக்கு இந்த வேலை பொருந்திப் போனதில் ஆச்சரியமில்லை. காய்கறிக்காரர் கொசுறாக இரண்டு தக்காளி சேர்த்துப் போட்டால் எதை மறைக்கப் போட்டார் என்று பையைக் கிளறுகிறவள் நான். பள்ளியில் வேதியியல் நடத்தும் என் கணவர், இதற்காகவே என்னைக் கடைக்கு அழைத்துப் போவதை நிறுத்திவிட்டார்.

சோதனைக்கு, அந்தப் பிராசஸர் பொருத்திய ஒரே ஒரு போர்டு என்னிடம் இருந்தது. போன கோடையில் வீட்டில் மின்சாரம் எக்குத்தப்பாக ஏறி இறங்கியதில் அது கருகிப் போனது. அந்த போர்டை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. அன்றிலிருந்து நான் ஓட்டிப் பார்க்காத நிரலுக்கு ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது. இதை மோப்பம் பிடித்த மாதிரி, கெர்னலின் தலைமையில் இருப்பவர்களில் ஒருவர் எங்கள் எல்லோருக்கும் மெயில் போய்ச் சேரும் பொதுப் பட்டியலுக்கு எழுதினார்: இந்தப் பிராசஸரை உண்மையில் யாராவது பயன்படுத்துகிறார்களா? பராமரிக்க ஒரே ஆள், சோதிக்க ஆளே இல்லை. அடுத்த வெளியீட்டில் இதை நீக்கிவிடலாமே?

எத்தனையோ வருட உழைப்பை ஒரே வரியில் துடைத்துவிடலாம் என்கிறார்.

அப்போது ஒருவர் முன்னே வந்தார். வெகுநாளாக எனக்கு பேட்ச் அனுப்பிக்கொண்டிருந்தவர். இரண்டாவது பராமரிப்பாளராக இருந்து தானும் பாரம் தாங்குவதாகவும், தன்னிடம் அந்த போர்டு இருப்பதாகவும், ஓட்டிப் பார்த்துச் சொல்வதாகவும் எழுதினார். மெயில் 'மதிப்புக்குரிய சார்' என்று தொடங்கியது.

தேடிய மருந்து காலில் இடறியது போல் இருக்கிறதல்லவா? எனக்கு அதுதான் உறுத்தியது. அவருடைய பேட்சுகள் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தன. நான் எவ்வளவு காரமாகத் திட்டினாலும் மறுநாள் காலை பணிவோடு திருத்தி அனுப்புவார். இவ்வளவு பொறுமை எந்த நல்லவனுக்கு இருக்கும்? இப்படித்தான் வருடக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, சாவி கைக்கு வந்ததும், பின்னால் திருட்டுத்தனமாக நுழைய நிரலுக்குள் பின்கதவைப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் உலகத்தில் எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான்.

அவர் போர்டை இயக்கி எடுத்த பதிவுகளை அனுப்பினார். எழுத்துதானே, எவனும் தட்டச்சு செய்யலாம். வேண்டுமென்றே ஒரு பிழையை உள்ளே வைத்து, தனி மெயிலில் ஒரு பேட்ச் அனுப்பி, ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். "சார், கடிகாரம் தொடங்கும் இடத்தில் நின்றுவிடுகிறது" என்று பதில் வந்தது. சரியான இடம்தான். ஆனால் நிரலைப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஓட்டிப் பார்க்காமலே அது தெரியுமே! கடைசியில் எந்த ஊர் என்று கேட்டேன். விழுப்புரம் என்றார்.

அவ்வளவு பெரிய உலகத்தில், பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய் இறங்கும் ஊரிலா? என் ஊரைத் துப்பறிந்து வைத்துக்கொண்டு பக்கத்து ஊரைச் சொல்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரிடமும் ஒரு மின்னணுச் சாவி இருக்கும். தான் அனுப்புவது தன்னுடையதுதான் என்று அதைக் கொண்டு முத்திரை வைப்பார். அந்தச் சாவி இன்னாருடையதுதான் என்று இன்னொருவர் சாட்சி சொல்ல வேண்டுமானால், இருவரும் நேரில் சந்தித்து, அடையாள அட்டையைக் காட்டி, சாவியின் எண்ணை வாய்விட்டுப் படித்து ஒப்பிட வேண்டும். அப்படிச் சந்திக்கலாமா, போர்டையும் எடுத்து வாருங்கள் என்று எழுதினேன். நழுவுவார் என்று எதிர்பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பேக்கரி என்று உடனே பதில் வந்தது.

"முன்ன பின்ன தெரியாத ஆளப் பாக்க நீ மட்டும் தனியா போறியா? நானும் வர்றேன்" என்றார் கணவர். சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் கிளம்பினோம். ஊருக்குள் போகும் என்று ஏற்றிய நடத்துநர் பைபாஸிலேயே இறக்கிவிட்டார். நான் ஏறும்போதே சொன்னேன்.

பேக்கரியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நேராக என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வணக்கம் சார்! உங்கள நேர்ல பாக்கணும்னு எவ்ளோ நாளா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுங்களா!"

"நான் இல்லீங்க. இவங்கதான்" என்றார் கணவர், கையை விடுவிக்க முடியாமல்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். "சார் வரலீங்களா?"

"அந்த சாரே நான்தாங்க" என்றேன்.

இதைச் சொல்லியாக வேண்டும். நான் முதலில் பேட்ச் அனுப்பியபோது என் முழுப்பெயரில்தான் அனுப்பினேன். ஒருவர் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பதை எனக்கு விளக்கினார். இன்னொருவர் இதை உங்கள் கணவர் எழுதினாரா என்று கேட்டார். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. பெயரை என் முதலெழுத்தும் அப்பா பெயருமாக மாற்றினேன். அதே பேட்சை மறுபடி அனுப்பினேன்; மறுபேச்சில்லாமல் உள்ளே போனது. அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் சார்தான். நானும் திருத்தவில்லை.

அவர் முகம் இறுகியது. துணிப்பையை இன்னும் அணைத்துக்கொண்டார். "அட்டை எதுனா வச்சிருக்கீங்களா மேடம்?"

ஆதாரை நீட்டினேன். நிதானமாகப் பார்த்தார். "இதுல வேற பேரு இருக்குதே."

"மெயில்ல இருக்கறது எங்கப்பா பேருங்க. இது ஞானஸ்நானப் பேரு. முன்னாடி இருக்கறது வீட்டுக்காரர் இனிஷியல்."

"நீங்க சொல்றீங்க. நான் எத வச்சி நம்புறது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவருடைய பழைய பேட்சுகளில் இருந்த தவறுகளை ஒவ்வொன்றாக அடுக்கினேன். கேட்டுக்கொண்டார். "அதெல்லாம் பொதுவுல இருக்குது மேடம். யார் வேணா படிச்சிட்டு வந்து சொல்லலாம்." வேண்டுமென்றே பிழை வைத்து அனுப்பினேனே, அது தனி மெயில்தானே என்றேன். "மெயில ஒருத்தன் திருடியிருந்தான்னா அதையும்தான் படிச்சிருப்பான்" என்றார். நான் அவரைப் பற்றி யோசித்ததையெல்லாம் அவர் என்னைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

"சரி, நான் இப்ப ஒரு மெயில் அனுப்பறேன். உங்க சாவியால முத்திர வச்சி இங்கேர்ந்தே பதில் போடுங்க. முடிஞ்சிது" என்றார்.

சாவி திண்டிவனத்தில் வீட்டுக் கணினியில் இருந்தது. சாவியைப் போனில் வைத்துக்கொண்டு திரிகிறவர்களை நான் ஆளாகவே மதிப்பதில்லை. அதைச் சொன்னேன். "சார் கூட அப்படித்தான் சொல்லுவாரு" என்றார். அப்படிச் சொன்னாரே தவிர, என்னை நம்பினதாகத் தெரியவில்லை.

அவருடைய அட்டையில் எல்லாம் சரியாக இருந்தது. பையிலிருந்து போர்டை எடுத்து, பவர்பேங்கில் மாட்டி, சின்ன லேப்டாப்பில் இணைத்தார். என் நிரல் ஒவ்வொரு வரியாகத் திரையில் எழுந்து வந்தது. வெகுநாள் கழித்து அதைக் கண்ணால் பார்க்கிறேன். அழுகை வந்துவிட்டது. தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன்.

"கைய வைக்காதீங்க மேடம்."

அவர் கரும்பு ஆலைகளின் எடைமேடைக் கருவிகளைப் பழுது பார்ப்பவர். அந்தக் கருவிகளுக்குள்தான் எங்கள் பிராசஸர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "ஏற்கெனவே கரும்பு ஏத்திக்கினு வர்றவங்க எடமேடைய நம்புறதில்ல. இதுல எவனாவது பூந்து ஒரு வரி மாத்திட்டான்னா, லோடுக்கு லோடு எட கொறையும். நான் இன்னான்னு பதில் சொல்றது? அதனால தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க சாவிக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன்."

கைகழுவ எழுந்தபோது போர்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து, சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"என்னா திமிரு புடிச்ச ஆளு!" என்றார் கணவர் பஸ்ஸில்.

"அவருகிட்டயே கொடுத்துடலாம்" என்றேன். என் பகுதிக்குள் இப்படிப்பட்ட ஓர் ஆள் காவல் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கலாம் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் அவரை இரண்டாவது பராமரிப்பாளராகச் சேர்க்கும் பேட்சை எழுதி, என் சாவியால் முத்திரை வைத்து, பொதுப் பட்டியலுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை அவர் அதை ஏற்க மறுத்திருந்தார். அதுவும் எல்லோரும் படிக்கும்படி: 'நேற்று இந்தப் பராமரிப்பாளர் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். அவருடைய அட்டையில் பெயர் பொருந்தவில்லை. அன்றைக்கே எனக்குப் பொறுப்புக் கொடுத்து இந்த மெயில் வந்திருக்கிறது. சாருடைய சாவி திருடப்பட்டிருக்கலாம் என்று அஞ்சுகிறேன். தயவுசெய்து இதிலிருந்து எதையும் ஏற்காதீர்கள்.'

தலைமையில் இருப்பவர் உடனே என் சாவியை நிறுத்தி வைத்தார். அதற்குச் சாட்சி சொல்லியிருந்த என் பழைய மேலாளர் இந்தத் துறையை விட்டுப் போய் வெகுகாலமாகிறது. அவருக்கு எழுதியும் பதிலில்லை. பிராசஸரை நீக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் பகுதிக்காகப் பேச அங்கே ஒருவரும் இல்லை. நீங்கள் யார் என்று நீங்களே வெளிப்படையாகச் சொன்னால்தான் மேற்கொண்டு பேச முடியும் என்றார் தலைமையில் இருப்பவர்.

இரண்டு நாள் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். இத்தனை வருடம் நான் பார்த்த வேலை அப்படியே இருக்கிறது. அதைச் செய்தது யார் என்று இப்போது ஏன் சொல்ல வேண்டும்? ஆனால் சொல்லாவிட்டால் அந்த வேலையே இருக்காது. மூன்றாம் நாள் முழுப்பெயரில் எழுதினேன். விழுப்புரத்துக்கு வந்த பெண்மணி நான்தான். இந்த நிரலை எழுதியதும் நான்தான். ஏன் பெயரைச் சுருக்கினேன் என்பதையும், அந்த முதல் பேட்சுக்கு வந்த இரண்டு பதில்களையும் சேர்த்து எழுதினேன். அனுப்பிவிட்டுக் கணினியை மூடினேன்.

விழுப்புரத்துக்காரர் தனியாகப் பதில் போட்டிருந்தார். அதுவரை ஆங்கிலத்தில் மட்டுமே எழுதியவர், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்.

"மேடம், ராத்திரிபூரா யோசிச்சிக்கினு இருந்தேன். திருடன் உங்க எடத்துக்கு வரணும்னா சாராத்தான் வருவான். பொம்பளன்னு சொல்லிக்கினு இந்த மாதிரி மெயில எழுதி அவனுக்கு ஒரு லாபமும் கெடயாது. அதனால நீங்கதான்."

கீழே பொறுப்பை ஏற்கிறேன் என்ற அவருடைய ஒப்புதலும், என் சாவிக்கு அவருடைய சாட்சியும் இருந்தன. என் வாழ்க்கையில் யாரும் அதைவிடச் சரியாகக் கணக்குப் போட்டதில்லை. எனக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை.