எனக்கு முன்னால் இரண்டு பேர்

பள்ளியில் சமூக அறிவியல் புத்தகத்தில் சுனாமி அரைப் பக்கம் வந்தது. எங்கள் மிஸ் அதை வாசித்துவிட்டு, அது ஜப்பானியச் சொல், பரீட்சையில் கட்டாயம் கேட்பார்கள் என்றார். எல்லோரும் பென்சிலால் அடிக்கோடு போட்டோம். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் என் தோழி காதருகே குனிந்து, "இது நடந்தப்ப நாமல்லாம் பொறக்கவே இல்லல்ல?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

மேற்கொண்டு சொல்லியிருக்கலாம். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. என் அண்ணனும் அக்காவும் செத்துப்போனது அந்த அரைப் பக்கத்துக்குள்தான்.

அதை யாரும் என்னை உட்கார வைத்துச் சொன்னதில்லை. தென்னூரில் எங்கள் வீட்டு முன்னறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அவர்கள் படம் இருக்கும். ஸ்டூடியோவில் எடுத்தது. அண்ணனுக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு ஆறு. அவர்கள் போய் இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள் நான். வீட்டு விலாசம் மாதிரி அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி போயிருந்தார்கள். மறுநாள் காலையில் அம்மா மெழுகுவத்தி வாங்கக் கடையில் நிற்க, அப்பா இருவரையும் கடலைக் காட்டக் கூட்டிப்போனார். அக்கா கிடைத்தாள். திருச்சிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அண்ணன் கிடைக்கவே இல்லை.

கல்லறைத் திருநாள் வந்தால் சாமந்தி மாலையும் மெழுகுவத்தியுமாக நாங்கள் மூன்று பேரும் போவோம். சின்ன வயதில் மெழுகுவத்தி ஏற்றுவது எனக்குக் கொண்டாட்டமாக இருக்கும். காற்றில் அணைந்தால் மறுபடி ஏற்றுவேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பத்து வயது நிறைந்த அன்று, இனி அண்ணனைவிட நான் பெரியவள் என்று திடீரென்று தோன்றியது. கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். காரமாக ஏதாவது வேண்டுமா என்று அப்பா கேட்டார்.

அப்பாவிடம் மட்டும் அந்தக் காலை பற்றிப் பேசக்கூடாது. "ரெண்டு கையிலயும் ரெண்டு பேரப் பிடிச்சிருந்தாருடி, அவர்ட்ட எதுவும் கேக்காத" என்று அம்மா ஒருமுறை சொல்லியிருந்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் அப்பா செய்தித்தாளை விரித்துக்கொள்வார். பாலம் இறங்கியதும் மடித்துவிடுவார். எல்லா அப்பாக்களும் அப்படித்தான் என்று நான் நினைத்திருந்த காலம் உண்டு.

போன வருஷம் அம்மாவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. கர்ப்பப்பையில் கட்டிகள், எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்கள். புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்பா பணம் கட்டப் போயிருந்தபோது, விவரம் குறித்துக்கொள்ள ஒரு பயிற்சி நர்ஸ் வந்தாள். என்னைவிட ஒரு வயது கூட இருந்தால் அதிகம்.

"எத்தனை குழந்தைங்கம்மா?"

"மூணு" என்றாள் அம்மா.

அம்மா வெளியாட்களிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் "ஒரே பொண்ணு" என்றுதான் சொல்வாள்.

"மூணும் நார்மலா?"

"மொத ரெண்டும் நார்மல். இவ சிசேரியன்."

"மத்தவங்க ரெண்டு பேரும் என்ன பண்றாங்க?"

"இல்லம்மா."

நர்ஸுக்கு அது புரியவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். "இதுக்கு முன்னாடி வேற ஆபரேஷன் ஏதாச்சும்?"

"ரெண்டாவதுக்கு அப்புறம் குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிட்டேன். பின்னாடி அதத் திரும்பச் சேத்துவிட்டாங்க."

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினாள். "அப்படியும் பண்ணுவாங்களா? ஏம்மா பண்ணீங்க?"

"சுனாமில ரெண்டும் போயிருச்சு. எங்கள மாதிரி இருந்த நெறைய பேருக்கு அப்ப செஞ்சாங்க."

"ஐயோ" என்றாள் அந்தப் பெண். முகம் சிவந்துவிட்டது. "நான் அப்ப பொறக்கலம்மா. ஸ்கூல்ல படிச்சிருக்கேன்."

"பரவால்லம்மா" என்று அம்மா அவளைத் தேற்றினாள்.

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் வயிற்றில் இருந்த தழும்புகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். கேட்டபோதெல்லாம் "உன்ன எடுத்தது" என்பாள். எல்லாமே எனக்காகத்தான் என்று ஒரு பெருமைகூட இருந்தது. அவர்கள் இரண்டு பேரோடு போதும் என்று அம்மா முடித்துக்கொண்டாள் என்பதும், அவர்கள் போன பிறகு அந்த உடம்பைத் திரும்ப வெட்டித் திறக்க வேண்டியிருந்தது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

நர்ஸ் போன பிறகு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவங்க இருந்திருந்தா நான் பொறந்திருப்பேனாம்மா?"

அம்மா யோசிக்கவெல்லாம் இல்லை. "இல்ல" என்றாள்.

அடுத்த கேள்வி என் வாய்வரை வந்துவிட்டது. அம்மா என் கையைப் பிடித்தாள். "கேக்காத" என்றாள்.

நான் கேட்கவில்லை. அம்மா போர்வையின் ஓரத்தை நீவினாள். பிறகு சொன்னாள், "நீ அவங்களுக்காக அழுததே இல்ல. சின்னதுல எனக்கு உம்மேல கோவம்கூட வரும். கல்லற மேட்டுல சிரிச்சிக்கிட்டே வெளையாடுவ. அப்புறந்தான் தோணுச்சு, இதுக்கு எப்படி அழுக வரும், இதுக்கு அவங்களத் தெரியாதுல்ல."

அது உண்மை. எனக்கு அவர்களைத் தெரியாது. அன்றும் எனக்கு அழுகை வந்தது அம்மாவை நினைத்துத்தான். தெரியாதவளாகவே இத்தனை வருஷம் அவர்கள் நடுவில் வளர்ந்திருக்கிறேன். அம்மாவும் அப்பாவும் என்னைத் தூக்கிக் கொஞ்சிய ஒவ்வொரு முறையும் மனசுக்குள் வேறு யாராவது இருந்திருப்பார்களோ என்று தோன்றியது.

மறுநாள் ஆபரேஷன் முடிந்ததும் தியேட்டர் வாசலில் கூப்பிட்டார்கள். "அட்டெண்டர் யாருங்க? வந்து பாத்துக்கோங்க." நானும் அப்பாவும் போனோம். எடுத்த உறுப்பை வீட்டாருக்குக் காட்டுவது வழக்கமாம். ஸ்டீல் தட்டில் துணியை விலக்கிக் காட்டினார்கள். கட்டி கட்டியாக, ஒரு கையில் அடங்கிவிடும் அளவு சதை. அண்ணன் இருந்தது இதில்தான், பிறகு அக்கா, பிறகு நான். ஒரே வீட்டில் ஒருநாளும் சேர்ந்து இருக்காத நாங்கள் மூன்று பேரும் இருந்த இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அப்பா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "போதும், மூடிருங்க" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். கேட்கக்கூடாது என்று தெரிந்தே கேட்டேன். அந்தக் காலையைப் பற்றி இல்லை.

"அக்கா எப்படிப்பா இருப்பா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே, "இட்லில ஓரத்தத் திங்க மாட்டா" என்றார். "நடுவுல மட்டும் பிச்சுத் தின்னுட்டு, ஓரத்த எந்தட்டுல வச்சுருவா. திட்டுனா சிரிப்பா. முன்பல்லு விழுந்திருந்துச்சா, சிரிச்சா ஓட்ட தெரியும்னு கையால வாய மூடிக்குவா." அவரும் வாயை மூடிக் காட்டினார். எடுக்க மறந்ததுபோல அந்தக் கை அங்கேயே இருந்தது. தோள் குலுங்கியது. அப்பா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஆறு வயதுப் பெண்ணுக்காக எனக்கும் முதல்முறையாக அழுகை வந்தது.

"அண்ணன்?" என்றேன்.

அப்பா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "அவனப் பத்தி இன்னொரு நாளைக்குச் சொல்றேம்மா" என்றார்.

அம்மா தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா வழக்கம்போல வேலைக்குப் போய் வருகிறார். சில சமயம் சாப்பிடும்போது நிமிர்ந்து என்னைப் பார்ப்பார், ஏதோ சொல்ல வருவதுபோல. பிறகு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்பார். அண்ணனைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.